தையல் அறைக் கணக்கு

என் அத்தான், அதாவது என் அக்காவின் புருஷன், முப்பத்தோரு வருஷம் ஒரு வேலை பார்த்தார். ஒன்றுமே ஓடாதபோது மீட்டர் ஓடுகிறதா என்று பார்க்கிற வேலை. கிண்டலுக்குச் சொல்லவில்லை, உண்மையிலேயே அதுதான் வேலை. மின்சார அலுவலகத்தின் சோதனைக் கூடத்தில் மீட்டரைப் பலகையில் மாட்டுவார். பல்பு, விசிறி, மோட்டார் எதையும் அதோடு இணைக்கமாட்டார். ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து கால் மணி நேரம் பார்ப்பார். ஆரம்பத்தில் உள்ளே இருக்கும் தட்டு சுழல்கிறதா என்று பார்த்தார். டிஜிட்டல் வந்தபிறகு சிவப்பு விளக்கு சிமிட்டுகிறதா என்று பார்த்தார். சிமிட்டாவிட்டால் படிவத்தில் பூஜ்ஜியம் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். சிமிட்டினால், சும்மா இருக்கும்போதே யூனிட் ஏற்றுகிற மோசமான மீட்டர் என்று ஒதுக்கிவிடுவார்.

கூடத்தில் அவருக்குப் பூஜ்ஜியம் சார் என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர். அது காதுக்கு வந்தபோது ஏதோ பட்டம் கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்து, வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொல்லிப் பெருமைப்பட்டார். அக்கா சிரிக்கவில்லை. சிரித்திருக்க வேண்டும். முதல் வருஷத்திலேயே நாலு தடவை சிரித்திருந்தால் மனுஷன் கொஞ்சம் தேறியிருப்பார் என்பது என் கட்சி.

ஓய்வு பெற்றதும் அவர் செய்த முதல் காரியம், ஹால் சுவரில் ஒன்பது குட்டி மீட்டர்களை வரிசையாக மாட்டியது. ஃப்ரிட்ஜுக்கு ஒன்று, தண்ணீர் மோட்டாருக்கு ஒன்று, இஸ்திரிப் பெட்டிக்கு ஒன்று, அறைக்கு ஒன்று என்று. ஒவ்வொன்றின் கீழும் தட்டச்சு செய்த சீட்டு. மற்றவர்கள் வீட்டு ஹாலில் பேரப்பிள்ளை படம் தொங்கும். இங்கே உட்கார்ந்தால் எதிரே ஒன்பது சிவப்புக் கண்கள். வந்த விருந்தாளி காபி குடித்து முடிப்பதற்குள், விசிறி எத்தனை வாட் இழுக்கிறது என்று தெரிந்துகொண்டுதான் போகவேண்டும்.

நான் வேலை பார்ப்பது ஒரு டேட்டா சென்டரில். ஊருக்கு வெளியே, ஜன்னலே இல்லாத சாம்பல் நிறக் கட்டடம். உள்ளே வரிசை வரிசையாகக் கம்ப்யூட்டர்கள். அவற்றின் சூட்டைத் தணிக்கிற ராட்சசக் குளிரூட்டும் மிஷின்களைப் பார்த்துக்கொள்கிற பகல் ஷிப்ட் எனக்கு. ஆகவே அத்தானுக்கு நான் உலகத்தைக் கொளுத்துகிறவர்களின் கையாள். எப்போது வீட்டுக்குப் போனாலும், செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே ஆரம்பித்துவிடுவார்.

"இன்னிக்கு எவ்வளவு குடிச்சீங்க உங்க கம்பெனியில? ஒரு ஊருக்கு ஆகுற கரண்டா, ரெண்டு ஊருக்கா?"

"ரெண்டு ஊருக்கு" என்று சொல்லிவிடுவேன். மறுத்துப் பேசினால் காபி ஆறிப்போகும்.

எங்கள் கம்பெனி ஒன்றும் யோக்கியம் இல்லை. வரவேற்பறையில் பளபளவென்று ஒரு புத்தகம் வைத்திருக்கிறார்கள். நீங்கள் ஏஐயிடம் கேட்கிற ஒரு கேள்விக்கு ஒரு குட்டி பல்பு சில நொடி எரிகிற கரண்டுதான் ஆகும் என்று அதில் பச்சை எழுத்தில் போட்டிருக்கிறது. கூட்டிப் பார்த்தேன். கம்ப்யூட்டருக்குள் போகிற கரண்டை மட்டும் சேர்த்திருக்கிறார்கள். நான் எட்டு மணி நேரம் நின்று ஓட்டுகிற குளிரூட்டும் மிஷின்கள் எங்கே, தண்ணீர் எங்கே, கரண்டு போனால் ஓட வேண்டும் என்று எந்நேரமும் சூடாக்கி வைத்திருக்கும் ஜெனரேட்டர்கள் எங்கே? ஒன்றையும் காணோம். என் பிரிவே அந்தப் புத்தகத்தின்படி இந்த உலகத்தில் இல்லை. மேலாளரிடம் கேட்டேன். "அதெல்லாம் பொதுச் செலவும்மா" என்றார். சிரித்துக்கொண்டே காது குத்துகிற ஆள்.

இருந்தாலும் அவர்களைக்கூட ஒரு வகையில் மன்னிக்கலாம். அவர்கள் விற்கிறவர்கள். விற்கிறவன் அப்படித்தான் பேசுவான். அத்தான் யாருக்கு விற்றார்?

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவருக்கு ஒரு ஞானோதயம் வந்தது. ஏஐ வேண்டும், ஆனால் டேட்டா சென்டர் வேண்டாம். வீட்டிலேயே சொந்தமாக ஒன்றை ஓட்டினால் உலகம் பிழைத்துக்கொள்ளும். உடனே, வீடியோ விளையாட்டுப் பிரியர் ஒருவரிடமிருந்து பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கினார். இஸ்திரிப் பெட்டி கனத்தில் உள்ளே ஒரு கிராஃபிக்ஸ் கார்டு. அதில் இலவசமாகக் கிடைத்த ஏஐ ஒன்றை இறக்கிவைத்தார். வைக்க இடம் தேடினார். வீட்டில் குளிர்ச்சியான அறை, ஏ.சி. உள்ள ஒரே அறை, அக்காவின் தையல் அறை.

அந்த அறை அவர்கள் மகளுடையது. அவள் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனபிறகு அக்கா அதில் தையல் மிஷினையும், துணி வெட்டும் பெரிய மேசையையும் போட்டாள். கல்யாணமாகி இருபத்தாறு வருஷம் கழித்து அவளுக்கென்று ஒரு கதவு. உள்ளே போய்ச் சாத்திக்கொள்ளலாம். அக்கம்பக்கத்துச் சில்லறைத் தையலில் ஆரம்பித்து, கடைக்குத் தைத்துக் கொடுக்கிற அளவுக்கு வந்திருந்தாள்.

"உனக்கு நடையில காத்து நல்லா வரும்" என்று சொல்லித் தையல் மிஷினை அத்தானே தூக்கிக்கொண்டுபோய்ச் சமையலறைக்குப் போகிற நடையில் வைத்தார். வெட்டும் மேசை நடைக்குள் நுழையவில்லை. அதைச் சுவரோரம் சாய்த்துவிட்டார்கள். அக்கா தரையில் துணியை விரித்து, மண்டியிட்டு வெட்டினாள். அவளுக்கு ஐம்பத்துநாலு வயது.

அந்த ஏஐ மிஷின் வந்த பிறகு அத்தான் அதனிடம் கேட்ட கேள்விகளைக் கேட்டால் உங்களுக்கு நெஞ்சடைக்கும். ஜன்னலுக்கு வெளியே மழை பெய்யும், மழை நாளில் துணி காய எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்பார். உருளைக்கிழங்கு ஏன் முளைவிடுகிறது என்று கேட்பார். ஒருநாள் அக்காவுக்கு நோட்டீஸ் எழுதித் தரச்சொல்லிக் கேட்டார். அது எழுதிக் கொடுத்ததை அச்சடித்து நடையில் ஒட்டினார்.

"இல்லத்தரசி அவர்களின் கனிவான கவனத்திற்கு. மின் சிக்கனத்தை முன்னிட்டு இஸ்திரிப் பெட்டியின் பயன்பாடு தினமும் காலை பத்து மணி முதல் பத்து நாற்பது வரை மட்டும் அனுமதிக்கப்படுகிறது. தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி."

கட்டின பெண்டாட்டிக்கு நோட்டீஸ். அதை எழுதவும் ஒரு மிஷின்.

நான் அதைப் பார்த்த அன்று கேட்டேன். "அத்தான், உங்க மிஷின் எவ்வளவு இழுக்குது?"

அந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்த மாதிரி நோட்டை எடுத்துவந்தார். மிஷினின் ஒயரில் அவரே செய்த ஒரு தனி மீட்டர் இருந்தது. அவர் கேள்வியைத் தட்டியதும் ஓட ஆரம்பிக்கும். பதில் முடிந்ததும் நின்றுவிடும். ஒரு பதிலுக்கு நாற்பது நொடி. ஒரு நாளைக்கு இருபத்தைந்து கேள்வி. மொத்தம் ஒரு யூனிட்டில் ஒன்பதில் ஒரு பங்கு. 0.11 என்று நோட்டில் தினமும் எழுதியிருந்தார், மணிமணியான கையெழுத்தில்.

"பதில் சொல்லாத நேரத்துல?"

"சும்மாதானே இருக்கு."

"அணைச்சு வைக்கிறீங்களா?"

"அணைச்சா மறுபடி எழுப்ப ரெண்டு நிமிஷம் ஆகுது. அதனால நாள் பூரா ஆன்லயே இருக்கும். ஆனா சும்மா இருக்கும். வேலை செய்யாதப்ப அதுக்கு ஏது செலவு?"

முப்பத்தோரு வருஷம், சும்மா இருக்கும்போது எவ்வளவு என்ற ஒரே கேள்விக்குச் சம்பளம் வாங்கிய வாய் அது. நான் பொறுமையாகத்தான் சொன்னேன்.

"எங்க இடத்துல ஒரு மிஷின் ஒரே சமயத்துல எத்தனையோ பேருக்குப் பதில் சொல்லுது. அது பஸ் மாதிரி அத்தான். கூட்டம் ஏறிக்கிட்டே இருக்கும், அதனால ஆளுக்கு ஆகுற செலவு கம்மி. பஸ் ஊர் பூரா புகை விடுதுங்கிறது வேற விஷயம், அதை நான் இல்லேங்கல. ஆனா நீங்க, நாளைக்கு இருபத்தஞ்சு தடவை தெருமுனை வரைக்கும் போறதுக்காக, காரை இருபத்துநாலு மணி நேரமும் ஸ்டார்ட்லயே வெச்சிருக்கீங்க."

"உங்க கம்பெனியில உனக்கு இதைத்தான் சொல்லிக் குடுத்தாங்களா?" என்றார். அதோடு பேச்சு முடிந்தது. அவரிடம் வாயைக் கொடுத்தது என் தப்பு.

இதைவிடக் கேவலம் ஒன்று சுவரில் இருந்தது. எனக்கே அது புரியக் கொஞ்ச நேரம் ஆனது. ஒன்பது மீட்டரில் நாலாவதின் கீழே 'தையல் அறை' என்று சீட்டு ஒட்டியிருந்தது. மிஷின் இருப்பது அந்த அறையில். அது சூடாகக்கூடாது என்று பகலெல்லாம் ஓடுகிற ஏ.சி.யும் அந்த அறையில். அந்த மீட்டர் காட்டுவதில் 0.11ஐக் கழித்து 'ஏஐ' என்று எழுதுவார். மீதி முழுவதையும் 'தையல் அறை' என்று எழுதுவார். தினமும் ஆறு யூனிட்டுக்கு மேல். அக்கா அந்த அறைக்குள் காலடி வைத்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

"சீட்டை மாத்துங்களேன் அத்தான்."

"மீட்டர் எங்க இருக்கோ அந்தப் பேர்லதான் கணக்கு. இஷ்டத்துக்கு மாத்தினா பழைய கணக்கோட ஒப்பிட முடியாது" என்றார். பிறகு அக்கா பக்கம் திரும்பி, "தையல் அறையில போன மாசத்தைவிட ஏறியிருக்கு. கொஞ்சம் பாத்துப் பண்ணு" என்றார்.

அக்கா, "சரிங்க" என்றாள். நடையில் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த ஒன்பதையும் பிடுங்கி எறிந்திருப்பேன்.

அப்படியே போயிருக்கும். அக்காவுக்கு மருத்துவமனை ஆர்டர் வந்ததால்தான் போகவில்லை. பக்கத்துப் பெரிய மருத்துவமனையில் நோயாளிகள் அணிகிற அங்கிகளைத் தைத்துக் கொடுக்க ஆள் தேடினார்கள். கடைக்காரர் அக்காவைக் கைகாட்டினார். முதலில் மாதிரிக்கு இருபது அங்கி. பத்து நாளில் வேண்டும். ஒவ்வொன்றும் ஓரம் மடித்து, இஸ்திரி போட்டு, ஒரே அளவில் அடுக்கியிருக்க வேண்டும். பிடித்தால் மாதாமாதம் நூற்றுக்கணக்கில் தைக்கலாம், இரண்டு பெண்களை வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். அக்கா ஃபோனில் இதை ஒரே மூச்சில் இரண்டு தடவை சொன்னாள். அவள் எதற்கும் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

அவள் அத்தானிடம் இரண்டே இரண்டு கேட்டாள். பத்து நாளைக்கு அறை வேண்டும். இஸ்திரிக்கு நாற்பது நிமிஷம் போதாது.

"இஸ்திரிப் பெட்டி ஆயிரம் வாட். தெரியுமில்ல உனக்கு?" என்றார் அத்தான். "வர்ற ஞாயித்துக்கிழமை குடியிருப்போர் சங்கத்துல நான் பேசுறேன், வீட்டு ஏஐ பத்தி. நம்ம வீட்டுக் கணக்கைத்தான் காட்டப்போறேன். இந்த நேரம் பார்த்து நீ ஏத்திவிட்டா என் பேச்சு என்ன ஆகுறது?"

அந்த ஞாயிறு எனக்கு விடுமுறை. அங்கிகளில் பிசிறு நூல் வெட்ட உதவி செய்யப் போயிருந்தேன். அத்தான் காலை ஒன்பது மணிக்குச் சட்டையை உள்ளே விட்டு, கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பினார். கதவு சாத்தியதும் அக்கா எழுந்தாள். ஃப்ரிட்ஜைப் பிடுங்கினாள். விசிறி, விளக்கு, மோட்டார், ஏ.சி. எல்லாவற்றையும் அணைத்தாள். கடைசியாகத் தையல் அறைக்குள் போய் அந்த மிஷினையும் அணைத்தாள்.

"என்னக்கா பண்றே?"

"பேசாம இரு."

வாசல் பக்கம் மெயின் மீட்டர் இருந்தது. அதன் எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். கையில் தையல் சாக்பீஸ். கால் மணி நேரம் பார்த்தாள். விளக்கு ஒருமுறைகூடச் சிமிட்டவில்லை. சுவரில் 'ஒன்றும் ஓடவில்லை: 0' என்று எழுதினாள். பிறகு உள்ளே போய் மிஷினை மட்டும் போட்டுவிட்டு வந்தாள். யாரும் அதனிடம் எதையும் கேட்கவில்லை. அது பாட்டுக்கு இருட்டில் உட்கார்ந்திருந்தது. விளக்கு சிமிட்டியது. பன்னிரண்டு நொடிக்கு ஒருமுறை, தவறாமல். ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு போட்டாள். ஒரு மணி நேரத்தில் முந்நூற்று நாலு கோடு.

"மூவாயிரத்து இருநூறு சிமிட்டினா ஒரு யூனிட். இந்த மீட்டர் மாட்டின அன்னிக்கு அவர்தான் சொல்லிக்குடுத்தார்" என்றாள் அக்கா. ஃபோனில் பெருக்கி வகுத்தேன். சும்மா இருப்பதற்கு மட்டும் நாளைக்கு இரண்டேகால் யூனிட்டுக்கு மேல். அவர் நோட்டில் எழுதுவதைப் போல இருபது மடங்கு. பிறகு ஏ.சி.யைப் போட்டாள். விளக்கு படபடவென்று அடித்துக்கொண்டது, கோடு போட முடியவில்லை.

எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது. அக்கா எழுந்து, ஃப்ரிட்ஜை மாட்டிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தைக்க உட்கார்ந்தாள்.

அத்தான் மத்தியானம் வந்தார். சங்கத்தில் நல்ல கைதட்டலாம். எங்கள் டேட்டா சென்டர் மொத்தமும் ஒரு வருஷத்துக்கு இழுக்கிற கரண்டை ஒரு படத்தில் போட்டு, தன் மிஷினின் 0.11ஐப் பக்கத்தில் போட்டுக் காட்டியிருக்கிறார். மலையையும் மிளகையும் பக்கத்தில் வைத்தால் யார்தான் கைதட்டமாட்டார்கள்? அந்தச் சந்தோஷத்தோடு வாசலில் நின்றவர் சுவரைப் பார்த்தார். கோடுகளைப் பத்துப் பத்தாக எண்ணினார். திரும்பவும் எண்ணினார்.

"யார் பண்ணது இது?"

"நான்தாங்க" என்றாள் அக்கா. "நீங்க பண்ற மாதிரியேதான் பண்ணேன். முதல்ல பூஜ்ஜியம் பார்த்தேன்."

"தகுதி இல்லாதவங்க பண்ற டெஸ்ட் செல்லாது."

"அப்ப நீங்க பண்ணிப் பாருங்க."

பண்ணவில்லை. ஸ்டூல் அங்கேயே இருந்தது, மீட்டர் அங்கேயே இருந்தது, கால் மணி நேரம் போதும். பண்ணவில்லை. உட்கார்ந்து கடிதம் எழுதினார். தன் வீட்டு மெயின் மீட்டர் கோளாறாக இருப்பதாகவும், கூடத்துக்கு எடுத்துச்சென்று முழுச் சோதனை செய்யும்படியும், தன் பழைய அலுவலகத்துக்கே மனு. அதையும் மிஷினை விட்டுத்தான் எழுதினார்.

செவ்வாய்க்கிழமை கூடத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். அத்தானிடம் வேலை கற்ற ஜூனியர். இப்போது அவர்தான் அங்கே அதிகாரி. பெட்டியைத் திறந்து ஒரு மாற்று மீட்டரை வெளியே எடுத்தார்.

"சார், உங்க மீட்டரைக் கழட்டிட்டு இதை மாட்டிட்டுப் போறேன். ரிப்போர்ட் வர மூணு நாள் ஆகும்."

"அதை யார் டெஸ்ட் பண்ணது?" என்றார் அத்தான்.

"நான்தான் சார்."

"நான் பக்கத்துல இருந்து பார்க்காத மீட்டர் என் வீட்டுல ஓடாது. வெறுமனே கழட்டிட்டுப் போம்மா. மூணு நாள்தானே."

அந்த அம்மா அக்காவைப் பார்த்தார். அக்கா பாதி தைத்த அங்கிகளோடு நடையில் நின்றாள். மாதிரி கொடுக்க வேண்டிய நாள் வெள்ளிக்கிழமை. பதினொரு அங்கிதான் முடிந்திருந்தது, ஒன்றுக்கும் இன்னும் இஸ்திரி போடவில்லை.

"சார், மேடம் வேலை செய்யறாங்க போலிருக்கு" என்று அந்த அம்மா தயங்கினார்.

"அவ வீட்டுல சும்மாதானே இருக்கா" என்றார் அத்தான்.

அக்கா அந்த வார்த்தையை இருபத்தெட்டு வருஷமாகக் கேட்டவள்தான். அன்று என்னவோ வேறுமாதிரி கேட்டிருக்கிறது. மீட்டர் கழன்றது, விசிறி நின்றது, ஹாலில் ஒன்பது கண்களும் அவிந்தன. அந்த அம்மா ஜீப்பில் ஏறுவதற்கு முன், அக்கா வெளியே வந்து, "என் தையல் மிஷினை என் தங்கச்சி வீட்டுல இறக்கிவிட்டுட்டுப் போக முடியுமா?" என்று கேட்டாளாம். அவரும் டிரைவரும் சேர்ந்து தூக்கி ஏற்றினார்கள். அத்தான் வாசலில் நின்று, ஏற்றிய மீட்டர் குலுங்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்லிக்கொண்டிருந்தார்.

என் வீடு ஒரு ஹால், ஒரு படுக்கையறை. ஹாலில் சோஃபாவைச் சுவரோடு தள்ளினோம். கதவுப் பலகை ஒன்றை இரண்டு முக்காலிமேல் போட்டு, வெட்டும் மேசை ஆக்கினோம். அக்கா இஸ்திரிப் பெட்டியைச் செருகிவிட்டு, பழக்கதோஷத்தில் மணி பார்த்தாள். பிறகு பார்ப்பதை நிறுத்தினாள். வெள்ளிக்கிழமை காலை இருபது அங்கிகளும் ஒரே அளவில் அடுக்கி மருத்துவமனைக்குப் போயின. திங்கட்கிழமை பதில் வந்தது. எடுத்துக்கொண்டார்கள். அக்கா என் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். நான் வெளியே நின்று, "காபி ஆறுதுக்கா" என்றேன். வேறென்ன சொல்ல.

ரிப்போர்ட்டும் வந்தது. மீட்டரில் ஒரு கோளாறும் இல்லை. ஒன்றும் ஓடாதபோது: பூஜ்ஜியம். கீழே அந்த அம்மாவின் கையெழுத்து. அத்தானால் அதற்குமேல் மறுக்க முடியவில்லை, ஏனென்றால் அந்தப் படிவத்தை வடிவமைத்ததே அவர்தான்.

அவர் மிஷினை அணைத்துவிட்டார் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். திருந்திவிட்டார் என்று நினைக்கவேண்டாம். கேள்வியை நிறுத்தவில்லை, ஃபோனில் கேட்க ஆரம்பித்துவிட்டார். அந்தக் கேள்விகள் இப்போது எங்களுடையதைப் போன்ற ஏதோ ஒரு கட்டடத்துக்குப் போகின்றன. காத்திருக்கவும் வேண்டாம், சூடும் இல்லை என்பதால் முன்னைவிட இரண்டு மடங்கு கேட்கிறாராம். வீட்டு மீட்டரில் பூஜ்ஜியம் என்றால் உலகத்திலேயே பூஜ்ஜியம். எங்கள் வரவேற்பறைப் புத்தகத்தை இவரே எழுதியிருக்கலாம்.

அக்கா வந்த பன்னிரண்டாம் நாள் சாயங்காலம் அத்தான் என் வீட்டுக்கு வந்தார். சட்டை கசங்கியிருந்தது. நான் உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. கையில் ஒரு தாள். அக்கா அங்கிகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள், நிறுத்தவில்லை.

"கணக்குப் பார்த்தேன்" என்றார். "முழுசா. சீட்டை எல்லாம் மாத்திட்டேன். மிஷின், அதோட ஏ.சி. ரெண்டும் சேர்ந்து நாளைக்கு ஆறரை யூனிட். நீ, உன் தையல் மோட்டார், இஸ்திரி, லைட்டு எல்லாம் சேர்ந்து ஒரு யூனிட்டுக்கும் குறைச்சல். தப்பு என்னோடதுதான். எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கேன்." தாளை நீட்டினார். "அறையைக் காலி பண்ணிட்டேன். உன் மேசையையும் பழையபடி போட்டாச்சு. நீ வந்துடலாம்."

இதைச் சொல்வதற்கு அவர் எவ்வளவு பாடுபட்டிருப்பார் என்று எனக்குத் தெரியும். ஒரு கணம் பாவமாகக்கூட இருந்தது. அந்த மனுஷனுக்குத் தெரிந்த மன்னிப்பு அதுதான்.

அக்கா தாளை வாங்கினாள். மேலிருந்து கீழ்வரை படித்தாள். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"ஒண்ணு கேக்கட்டுங்களா?"

"கேளு."

"கணக்கு மாறி வந்திருந்தா? மிஷின் ஒரு யூனிட்டு, நான் ஆறரைன்னு வந்திருந்தா? அப்பவும் அந்த அறையைக் காலி பண்ணிட்டு என்னைக் கூப்பிட வந்திருப்பீங்களா?"

பொய் சொல்லியிருக்கலாம். எந்தப் புருஷனும் சொல்லியிருப்பான். 'என்ன கேள்வி இது, கிளம்பு' என்று ஒரு வார்த்தை, முடிந்தது. அத்தான் விட்டத்தைப் பார்த்தார். உண்மையிலேயே அந்த எண்களை மனதுக்குள் போட்டுப் பார்க்கிறார் என்று எனக்குத் தெரிந்தது.

"யோசிச்சிருப்பேன்" என்றார்.

அக்கா தலையாட்டினாள். தாளை நாலாக மடித்து அவர் சட்டைப் பையில் வைத்தாள்.

"நானும் யோசிக்கிறேங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த அங்கியை விரித்தாள்.

இது நடந்து பதினாலு மாதம் ஆகிறது. இப்போது இரண்டு பெண்கள் அவளிடம் வேலை செய்கிறார்கள். பின்தெருவில் ஓர் அறை பிடித்திருக்கிறாள். மாதம் அறுநூறு அங்கி போகிறது. அத்தான் வாரத்துக்கு ஒருமுறை எனக்கு ஃபோன் செய்து, அக்கா யோசித்து முடித்துவிட்டாளா என்று கேட்கிறார். இன்னும் இல்லை என்று சொல்கிறேன்.